பெயர் முதலில், மருந்து கடைசியில்: பெங்களூரு மாடித் தோட்டத்தில் செடியையும் அதன் நோயையும் அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

கீழ்வீட்டு அக்கா பாலித்தீன் கவரில் நாலு இலையைப் போட்டுக்கொண்டு மாடியேறி வருவார். "தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. என்ன செடி அக்கா என்று கேட்டால், "அதான், செவப்பா பூக்குமே, அது" என்பார். எங்கள் ஹலசூர் பக்கம் மாடியில் தொட்டி வைத்திருக்கும் தமிழ் வீடுகள் நிறைய. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே வரிசைதான்: முதலில் மருந்து, பிறகு பூச்சி எது என்ற யோசனை, கடைசியில்தான் செடியின் பெயர். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம். செடி இன்ன குடும்பம் என்று தெரிந்துவிட்டால், அதைத் தேடி வரும் பூச்சி எது என்பதை வருவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம்.

தேவையான கருவிகள் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று, ஒரு வெள்ளைத்தாள், காதைக் குடையும் பஞ்சுக்குச்சி, கூர்மையான கத்தரி. லென்ஸ் இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முதல் படி: பெயரைச் சரியாக வாங்குங்கள்

லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் நான் முதன்முதலில் செடி வாங்கப் போனபோது "சம்பங்கி இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் உற்சாகமாக ஒரு மரக்கன்றை எடுத்து வைத்தார். செண்பகம்! கன்னடத்தில் சம்பிகே என்றால் செண்பகம். நாம் மாலைக்கு வாங்கும் சம்பங்கிக்கு அவர்கள் சுகந்தராஜா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டியில் கிழங்கு நடப் போனவன், முப்பதடிக்கு மேல் வளரும் மரத்தோடு வீடு திரும்பியிருப்பேன்.

ஆகவே பெங்களூரில் இரண்டு மொழிப் பெயரும் தெரிந்திருப்பது நல்லது. செம்பருத்தி தாசவாளா, செவ்வந்தி சேவந்திகே, நந்தியாவட்டை நந்திபட்டலு, அரளி கணகிலே, பவழமல்லி பாரிஜாதா. மல்லியும் கனகாம்பரமும் கிட்டத்தட்ட நம் பெயரிலேயே கிடைக்கும். நம் பெயர்களும் லேசுப்பட்டவை இல்லை: செண்டுமல்லிக்கும் மல்லிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அதையே பாதிப் பேர் துலுக்க சாமந்தி என்கிறார்கள்.

வாங்கும்போதே செடியின் பெயரையும் வாங்கிய தேதியையும் ஐஸ்கிரீம் குச்சியில் பென்சிலால் எழுதித் தொட்டியில் குத்திவிடுங்கள். பேனா மை ஒரே மழையில் போய்விடும், பென்சில் நிற்கும்.

இரண்டாம் படி: பூ இல்லாதபோதும் செடியைச் சொல்லப் பழகுங்கள்

பூத்திருக்கும்போது யாரும் சொல்லிவிடலாம். நோய் வரும் நேரத்தில் பெரும்பாலும் பூ இருக்காது. அப்போது பார்க்க வேண்டியவை மூன்று: இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன, கிள்ளினால் என்ன வடிகிறது, தண்டு எப்படி இருக்கிறது.

ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா, அல்லது ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி ஏறுகின்றனவா என்று பாருங்கள். மல்லி, இட்லிப்பூ, கனகாம்பரம், டிசம்பர் பூ எல்லாம் எதிரெதிர். செம்பருத்தி, ரோஜா, செவ்வந்தி, குரோட்டன்ஸ் எல்லாம் மாறி மாறி. தண்டை விரலால் உருட்டிப் பார்த்து நான்கு மூலையும் தட்டுப்பட்டால், அது கோலியஸ் போலத் துளசிக் குடும்பத்துச் செடியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, கிள்ளிப் பார்ப்பது. பால் போல வெள்ளையாக வடிந்தால் கையைக் கழுவிவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். நந்தியாவட்டை, ஈழத்தலரி, அலமண்டா எல்லாம் அரளிக் குடும்பம். அரளியும் அடீனியமும் இதே வீட்டுப் பிள்ளைகள்தான், அவற்றின் சாறு அவ்வளவு வெள்ளையாக இல்லாவிட்டாலும். இந்தக் குடும்பத்தில் பல நஞ்சு. குழந்தையும் நாயும் உள்ள வீட்டில் அரளியும் அடீனியமும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். இவற்றின் இலை ஒரே இரவில் மொட்டையாகிவிட்டால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம். முன்பக்கம் இரண்டு நீலக் கண் வரைந்தது போலப் பொட்டு உள்ள, விரல் பருமன் பச்சைப் புழு ஒன்று அங்கேயே எங்கோ தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அரளியின் பருந்து அந்துப்பூச்சிப் புழு அது. கையுறை போட்டு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, மருந்தே வேண்டாம். அரளியின் இளங்குருத்தில் எலுமிச்சை மஞ்சளில் மொய்க்கும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியும் இந்தக் குடும்பத்தின் வாடிக்கையாளர்தான். ஈழத்தலரி இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி கையில் ஒட்டினால் அது துரு நோய். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதுதான் அதற்கு முதல் வைத்தியம்.

இலையைக் கசக்கினால் வழவழவென்று வந்தால் செம்பருத்திக் குடும்பம். நம் பாட்டிகள் தலைக்குத் தேய்த்துக் குளித்ததும் அந்த வழவழப்புக்காகத்தான். இதன் நிரந்தரப் பகை மாவுப்பூச்சி. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இட்லிப்பூவும் கார்டினியாவும் காபிச் செடியின் உறவுக்காரர்கள். கணுவில் இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே சின்ன முக்கோணச் செதில் ஒன்று இருக்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம். புளிப்புத் தன்மையுள்ள மண்தான் இவற்றுக்குப் பிடிக்கும். பெங்களூரில் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் இவை வெளுத்துப் போவது ஏன் என்பது இப்போதே பாதி விளங்கியிருக்கும்.

இலைச்செடிகளில் குழப்பம் இன்னும் அதிகம். மணி பிளாண்ட் என்று வாங்கி வந்ததில் பாதி பிலோடென்ட்ரான். வித்தியாசம் புதுத்துளிரில் தெரியும். மணி பிளாண்டில் புது இலை, முந்தைய இலையின் காம்புப் பள்ளத்திலிருந்தே சுருள் அவிழ்ந்து வரும். பிலோடென்ட்ரானில் மெல்லிய உறை ஒன்று துளிரை மூடியிருந்து, பிறகு காய்ந்து உதிரும். மணி பிளாண்ட் இலை தடிப்பு, மெழுகு போட்ட மாதிரி. பிலோடென்ட்ரான் மெலிசு, இதய வடிவம் அச்சில் வார்த்தது போல இருக்கும். சிங்கோனியம் சின்ன வயதில் அம்புமுனை வடிவத்தில் இருந்து, வளர வளர இலை பல பிரிவாகும். இதனால் ஒரே செடியை இரண்டு செடி என்று நினைத்து இரண்டு பெயர் எழுதி வைத்தவர்களும் உண்டு. இவையும் ஆந்தூரியம், டைஃபன்பேக்கியா, அக்லோனீமா எல்லாமும் சேப்பங்கிழங்குக் குடும்பம். சேம்பை வேகவைக்காமல் வாயில் வைத்தால் நாக்கு அரிக்குமே, அதே ஊசிப் படிகங்கள் இவற்றிலும் உண்டு. பூச்சியைவிட நம் கையில் இருக்கும் தண்ணீர்ச் சொம்புதான் இவற்றுக்கு அதிக ஆபத்து.

பாம்புச்செடியைத் தாவரவியலாளர்கள் இப்போது டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறினாலும் குணம் மாறவில்லை: தண்ணீர் குறைவாக, வெளிச்சம் எவ்வளவு கிடைத்தாலும் சரி.

மூன்றாம் படி: தொடுவதற்கு முன் எட்ட நின்று பாருங்கள்

ஒரு செடியில் மட்டுமா, பக்கத்துத் தொட்டிகளிலும் உண்டா? வேறு வேறு குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி கருகியிருந்தால் அது நோயாக இருப்பது அபூர்வம். வெயில், தண்ணீர், அல்லது அளவு மீறிப் போட்ட உரம். நோயும் பூச்சியும் செடி பார்த்துத்தான் வரும். மொட்டை மாடியில் சிமென்ட் சூடு எல்லோருக்கும் பொது.

அடுத்து, பாதிப்பு கீழ் இலையிலா, நுனித் துளிரிலா என்று பாருங்கள். தழைச்சத்தும் மெக்னீசியமும் குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது. அது கிடைக்காவிட்டால் நுனித் துளிர் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி தெரியும். இட்லிப்பூவில் இதைப் பார்த்தால் பூச்சிமருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், இரும்புக் கீலேட் (வேர் சுலபமாக எடுக்கும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) வாங்கி அட்டையில் சொன்ன அளவில் கொடுங்கள். துளிர் சில வாரத்தில் பச்சையாக வரத் தொடங்கும். ஏற்கெனவே வெளுத்த இலை முழுக்கத் திரும்பாமலும் போகலாம், அதைப் பார்த்து மனசு விட வேண்டாம்.

இன்னொன்று: அதன் இயற்கையே அப்படியா? எதிர் வீட்டு மாமா குரோட்டன்ஸ் இலையில் மஞ்சள் புள்ளி வந்துவிட்டது என்று இரண்டு மாதம் மருந்து அடித்தார். அது மஞ்சள் புள்ளிக்காகவே வாங்கும் ரகம்! பிறவிப் புள்ளி என்றால் இலையின் வடிவம் கெடாது, வளர்ச்சி குறையாது. வைரஸால் வரும் தேமலில் இலை கோணும், சுருங்கும், செடி குட்டையாகும், மஞ்சளும் பச்சையும் ஒரு ஒழுங்கில்லாமல் கலந்திருக்கும். கல்வாழையில் நரம்பை ஒட்டி மஞ்சள் கீற்றுகள் ஓடினால் வைரஸ் என்று சந்தேகப்படலாம். வைரஸுக்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள்.

நான்காம் படி: வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை

என்னிடம் வரும் இலைகளில் பாதி இந்த ரகம். "வெள்ளையா ஏதோ இருக்கு" என்ற ஒரே வரியில் குறைந்தது ஆறு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன, எனவே இதில் கொஞ்சம் நிதானிப்போம்.

பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பாருங்கள். மெல்லிய மாவாக, கோலப்பொடி தூவிய மாதிரி இலையின் மேல் பரவியிருந்து, துடைத்தால் வந்துவிட்டால் சாம்பல் நோய். ரோஜாத் துளிரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே சகஜம். குளிர்ந்த இரவு, காய்ந்த பகல் இரண்டும் சேர்ந்தால் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மற்றப் பூஞ்சைகளைப் போல இல்லாமல், இது முளைக்க இலை நனைந்திருக்க வேண்டியதில்லை.

பஞ்சு உருண்டையாக, கணுவிலும் இலைக்காம்பு இடுக்கிலும் மொட்டின் அடியிலும் அடைந்திருந்தால் மாவுப்பூச்சி. நசுக்கினால் ஈரமாக, இனத்தைப் பொறுத்து இளஞ்சிவப்போ மஞ்சளோ கையில் படும். கூடவே எறும்பு ஏறி இறங்கும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. சில சமயம் தூக்கிக்கொண்டு போய் அடுத்த செடியில் குடிவைக்கவும் செய்கிறது. அந்தத் தேன் கீழ் இலையில் சொட்டிக் கரிப்பிடித்த மாதிரி கறுப்பாகும். அந்தக் கறுப்பு தனி நோய் இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கறுப்பைக் கண்டால் அண்ணாந்து மேல் இலையைப் பாருங்கள், குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

செடியை லேசாக உலுக்கினால் வெள்ளைப் பொடி பறக்கிற மாதிரி எழும்பி, மறுபடி இலையடியில் உட்கார்ந்தால் வெள்ளை ஈ. மல்லி இலையின் மேல் வெள்ளை வெல்வெட் துணி ஒட்டிய மாதிரி ரோமம் வளர்ந்திருந்து, துடைத்தும் வராவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் செய்யும் வேலை. அந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். வட்ட வட்டமாகக் காய்ந்த பொட்டுகள், ஈரத்துணிக்கும் அசையாமல் வினிகர் தொட்டால் கரைந்தால் உப்புத்தண்ணீர் தெளித்த கறை, வேறொன்றும் இல்லை.

ஆறாவதுதான் என் பாவக்கதை. ஒருமுறை செம்பருத்தியில் மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, சாதாரண மாவுப்பூச்சியைவிட மூன்று மடங்கு பெரிதாக, நீள நீளமான வெள்ளைக் குஞ்சம் தொங்கவிட்டுக்கொண்டு நாலைந்து இருந்தன. இதுதான் தலைவன் என்று நினைத்து, தேடித் தேடி அவற்றைத்தான் முதலில் நசுக்கினேன். பிறகு லென்ஸில் பார்த்தபோதுதான் தெரிந்தது: அவை ஒரு பொறிவண்டின் புழுக்கள், மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்று தீர்ப்பவை. கிரிப்டோலீமஸ் என்ற அந்த வண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சி வேடம் போட்டு மாவுப்பூச்சியையே தின்னும் பிராணி. வித்தியாசம் இதுதான்: குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி கிடந்த இடத்திலேயே கிடக்கும், பொறிவண்டுப் புழு விறுவிறுவென்று நடந்துவிடும். நடப்பதை விட்டுவிடுங்கள்.

இப்படி ஒரு பூச்சியை இன்னொரு பூச்சியால் அடக்கிய பெரிய கதை ஒன்றும் பெங்களூரில் நடந்தது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று அது தொடாத செடியில்லை, மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து எறும்பைவிடச் சிறிய குளவிகளைத் தருவித்துப் பெருக்கி வெளியே விட்டது. அவற்றில் முக்கியமானது அசிரோபேகஸ் பப்பாயே. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்னும் அந்தக் குளவி பரவிய இடங்களில் பூச்சி வேகமாக அடங்கியது. மாடியில் கண்டபடி மருந்து அடிக்கும்போது இந்த மாதிரிக் குளவிகளும் சேர்ந்து சாகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: வெள்ளை இல்லாத மற்றவை

இலை மங்கி, ஊசியால் குத்திய மாதிரி ஆயிரம் வெளிர்ப்புள்ளிகள் இருந்தால் வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சிலது நகர்ந்து, விரலால் தேய்த்தால் செந்நிறக் கோடு விழுந்தால் செம்பேன். மார்ச் முதல் மே வரை ரோஜா, செண்டுமல்லி இரண்டையும் இது வாட்டும். முற்றிய நிலையில் மெல்லிய வலையும் தெரியும். இது பூச்சி இல்லை, எட்டுக்கால் பிராணி. சாதாரணப் பூச்சிமருந்து அடித்தால் இதைத் தின்னும் பிராணிகள் செத்து, இது இன்னும் பெருகும். வெயில் காலத்தில் முட்டை ஒரே வாரத்தில் முழுப் பேனாகிவிடும் என்பதால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதே கைகண்ட வழி.

தாளில் விழுந்தது மெல்லிய நூல் துண்டு மாதிரி நீளமாக இருந்தால் இலைப்பேன். சுரண்டிய இடம் வெள்ளிப் பூச்சு போல மின்னும், அதில் கறுப்புப் பொட்டு பொட்டாக அதன் கழிவு இருக்கும். ரோஜா மொட்டு பாதி விரிந்து விளிம்பு பழுப்பாகி நின்றுவிட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மல்லிக்காரர்களின் கவலை மொட்டு. மொட்டு ஊதாவாக மாறுகிறது என்பது மட்டும் போதாது, பிரித்துப் பாருங்கள். வெளியே ஓட்டை, பக்கத்து மொட்டுகளை நூலால் சேர்த்துக் கட்டியது போல இருந்தால் மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல் மொட்டின் அடிப்பகுதி வீங்கி, உள்ளே கண்ணுக்குச் சற்றே தெரியும் நுண்புழுக்கள் நெளிந்தால் மொட்டு ஈ. இரண்டாவதில் புழுக்கள் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். எனவே உதிர்ந்த மொட்டைப் பெருக்கி எடுப்பதும், மேல்மண்ணைக் கிளறிவிடுவதும் முக்கியம்.

ரோஜா இலையில் விளிம்பு நூல் நூலாகச் சிதறிய கரும்பொட்டு, சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்வு என்றால் கரும்புள்ளி நோய். இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் போல நனைந்திருந்தால்தான் இதன் வித்து உள்ளே நுழையும். சாயங்காலம் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அந்த ஏழு மணி நேரத்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். ரோஜாக் கிளை நுனியிலிருந்து கறுத்து இறங்கினால் பின்கருகல். கறுப்புக்குக் கீழே இரண்டு அங்குலம் பச்சைத்தண்டு சேர்த்து வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையோ காப்பர் ஆக்சிகுளோரைடு பசையோ தடவுங்கள். ரோஜா இலையில் கத்தரியால் வெட்டிய மாதிரி அழகான அரைவட்டம் காணாமல் போயிருந்தால் கவலையே வேண்டாம், இலைவெட்டித் தேனீ கூடு கட்ட எடுத்துப்போயிருக்கிறது. அது நம் தோட்டத்துக்கு வேண்டியவள்.

பொதுவாக இலைப்புள்ளியில், காய்ந்து வளையம் வளையமாக இருந்தால் பூஞ்சை. ஈரம் ஊறியது போல, நரம்புகளுக்குள் அடங்கிக் கோணலாக இருந்து, சுற்றிலும் மஞ்சள் படர்ந்தால் பாக்டீரியா. மணி பிளாண்ட், டைஃபன்பேக்கியாவில் தண்டு குழகுழவென்று நாறினால் அந்தப் பகுதியைத் தூக்கிப்போட்டு, மேலே நல்ல துண்டாக வெட்டிப் புது மண்ணில் வைப்பதுதான் மிச்சம்.

கனகாம்பரம் காரணமில்லாமல் குட்டையாகி வெளிறினால் வேரைப் பார்க்க வேண்டும். வேரில் சிறுமணி கோர்த்தது போல முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அந்த மண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம். வேறு வழியில்லை என்றால் ஒரு பருவம் செண்டுமல்லி நடுங்கள், அதன் வேர் நூற்புழுவுக்கு ஆகாது. வாடிய செடியைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடலாம்: விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேரழுகல்.

லில்லி வகைச் செடிகளிலும் செங்காந்தளிலும் வெள்ளை, ஆரஞ்சுப் பொட்டுகள் வைத்த கறுப்புப் புழுக்கள் கூட்டமாக வந்தால் கையால் எடுங்கள், அரை நாள் தாமதித்தாலும் தண்டு மட்டும்தான் மிஞ்சும். மழைக்காலத்தில் இலையில் பெரிய ஓட்டைகளும் பளபளவென்று சளித்தடமும் இருந்தால் ஆப்பிரிக்க நத்தை. இரவில் டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டும். மனிதனுக்கு நோய் தரும் ஒட்டுண்ணியை அது சுமக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது.

ஆறாம் படி: மருந்து

கழுவுவது, கிள்ளுவது, துடைப்பது மூன்றும் முடிந்த பிறகுதான் பாட்டில். கணுவில் நாலைந்து மாவுப்பூச்சி மட்டும் என்றால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். பரவியிருந்தால் வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் ஒரு மில்லி பாத்திரம் கழுவும் திரவம், பிறகு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் இலை வெந்துவிடும். வெயில் இறங்கியபின், ஒரே ஒரு இலையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு, மிச்சத்தை அடியுங்கள். கலக்கியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். ஒருமுறை அடித்தால் முட்டைகள் தப்பிவிடும், வாரம் ஒருமுறை என்று மூன்று முறை வேண்டும். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேப்ப சோப்பும் உண்டு. கலக்குவது சுலபம் என்பதால் சோம்பேறியான நான் இப்போதெல்லாம் அதைத்தான் கரைக்கிறேன்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு இரண்டு கிராம். கடும் வெயிலில் அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். கரும்புள்ளிக்கு மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு இரண்டு கிராம், அதுவும் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிய பிறகு. மறுபடி முளைக்கும் வித்து அந்த இலைகளில்தான் இருக்கிறது.

கடையில் மருந்து வாங்கும்போது அட்டையில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், குறைந்தது பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டு மாடியில் வைக்க வேண்டிய சரக்கே இல்லை, யார் சிபாரிசு செய்தாலும். வேர் வழியே ஏறும் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் பூவின் மகரந்தத்துக்கும் போகும், தேனீக்கு ஆகாது. தலையில் வைக்கும் மல்லி, சாமி படத்துக்குப் பறிக்கும் செம்பருத்தி, குல்கந்துக்கு எடுக்கும் ரோஜா இவற்றில் நான் வேம்பைத் தாண்டிப் போவதில்லை.

ஏழாம் படி: புதுச்செடிக்குத் தனி இடம்

பூச்சி பெரும்பாலும் பறந்து வருவதில்லை, நாம் காசு கொடுத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நடக்கும் லால்பாக் மலர்க் கண்காட்சி முடிந்த அடுத்த மாதம் எங்கள் தெருவில் மாவுப்பூச்சி சீசன். காரணம் கண்காட்சியல்ல, அதைப் பார்த்த உற்சாகத்தில் கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கும் செடிகள். புதுச்செடியை இரண்டு வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். வாங்கும்போது இலையின் அடிப்பக்கம், கணு இடுக்கு, தொட்டியின் அடி ஓட்டை மூன்றையும் பாருங்கள். ஒட்டு ரோஜா என்றால் ஒட்டுப் போட்ட முண்டுக்குக் கீழிருந்து கிளம்பியிருக்கும் தண்டைக் கிள்ளிவிடுங்கள். அது அடிச்செடி, நீங்கள் பணம் கொடுத்த ரோஜா இல்லை.

எட்டாம் படி: புரியாவிட்டால் கொண்டுபோய்க் காட்டுங்கள்

ஹெசரகட்டாவிலோ ஹெப்பாள் பக்கம் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகத்திலோ கொண்டுபோய்க் கேட்கலாம். ஆனால் கொண்டுபோகும் முறை முக்கியம். முழுக்கக் காய்ந்த இலையில் யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பாதி நோய், பாதி நலம் என்று இருக்கும் இலைகளாகப் பறியுங்கள். வாடல் என்றால் வேரும் ஒரு கைப்பிடி மண்ணும் சேர்த்து வேண்டும். எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கடைசியாக என்ன அடித்தீர்கள், எப்போதிலிருந்து இப்படி என்று மூன்று வரி எழுதி வையுங்கள். முழுச்செடியின் ஒரு படமும் போனில் இருக்கட்டும். இலையைப் பாலித்தீன் கவரில் போடாதீர்கள், வியர்த்து வழியிலேயே வேறு பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் எது பழைய நோய், எது புதிது என்று பார்ப்பவருக்கே தெரியாது. பழைய செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள். கீழ்வீட்டு அக்காவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது பேப்பரில் மடித்து, அதைப் பத்திரமாகப் பாலித்தீன் கவரில் போட்டுக் கொண்டுவருகிறார்.